புது அணை வேண்டும் என்று சொன்னால் தமிழச்சி இல்லை என்றாகிவிடுமா?

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், முல்லைப் பெரியாறு அணைக்குக் கீழே இருக்கும் வண்டிப்பெரியாறு பக்கத்திலிருந்து 29 வயதுப் பெண் ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

தாத்தா காலத்தில் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து தேயிலை எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போன குடும்பம். அப்பா இல்லை. அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார். குடியிருப்பு லயத்தில், அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். இவர் கட்டப்பனையில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார். சில மாதங்களுக்கு முன் வார்டு கிராம சபையில், கேரளத்தில் இருந்துகொண்டு தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் தருகிற முல்லைப் பெரியாறு அணை பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. இவர் எழுந்து, "அணை பழசு. ஏதாவது ஆச்சுன்னா முதல்ல போறது எங்க லயம்தான். புது அணை கட்டட்டும். ஆனா தமிழ்நாட்டுக்குப் போற தண்ணி ஒரு சொட்டுகூடக் குறையக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார். வெளியே வந்ததும் ஒரு சேனல்காரர்கள் மைக்கை நீட்ட, அதையே திரும்பவும் சொல்லியிருக்கிறார். ஒளிபரப்பானதோ முதல் பாதி மட்டும். தமிழ்நாட்டுத் தண்ணீர் பற்றிச் சொன்னதை வெட்டிவிட்டார்கள்.

அன்று ராத்திரியே உறவினர் வாட்ஸ்ஆப் குரூப்பில் "துரோகி" என்று ஆரம்பித்துவிட்டது. "மலையாளத்தான்கிட்ட காசு வாங்கிட்டா" என்று சித்தப்பா மகன் எழுதினார். இன்னொருவர் இவர் படத்தை எடுத்து, எழுதக் கூசும் வார்த்தையை அதில் ஒட்டிச் சுற்றுக்கு விட்டார். "கம்பம் பக்கம் கால் வச்சுப் பாரு" என்று தெரியாத எண்ணிலிருந்து குரல் பதிவு வந்தது. சொந்த ஊர்க் கோயிலுக்கு அம்மா கொடுத்தனுப்பிய தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று தரும் கோயில் வரி) திரும்பி வந்துவிட்டது. மாமன் மகனோடு இவருக்குப் பேசியிருந்த கல்யாணம் நின்றுபோய் இருக்கிறது. அம்மாவழித் தாத்தா நிலத்தில் அம்மாவுக்குப் பங்கு கிடையாது என்றும் மாமா சொல்லியனுப்பியிருக்கிறார்.

வண்டிப்பெரியாற்றில் நடப்பது வேறு மாதிரி. உள்ளூர்க் கட்சிக்காரர் ஒருவர் மேடைக்குக் கூப்பிடுகிறார். வந்து பேசினால் தம்பியின் சாதிச் சான்றிதழ் விஷயத்தைத் தாலுகா அலுவலகத்தில் முடித்துத் தருகிறேன் என்கிறாராம். அலுவலகத்தில் ஒரு தோழி, "நீ மற்ற பாண்டிகள் மாதிரி இல்லை" என்று தோளில் தட்டியிருக்கிறார். (தமிழரை அங்கே இளக்காரமாகச் சொல்லும் வார்த்தை அது.) "அந்த நிமிஷம் சந்தோஷமாக இருந்தது, பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது" என்று எழுதியிருக்கிறார். மன்னிப்புக் கேட்டு வீடியோ போட்டுவிடலாமா, இனிமேல் அரசியலே பேசாமல் இருந்துவிடலாமா, தான் நினைப்பது ஒரு தமிழ்ப் பெண் நினைக்கக் கூடாததா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

நான் தேனி மாவட்டத்துக்காரன். பெரியாற்றுத் தண்ணீர் பாய்ந்த வயலில் விளைந்ததைச் சாப்பிட்டு வளர்ந்தவன். புது அணை தேவை என்ற உங்கள் கருத்து எனக்கு உடன்பாடில்லை. இருக்கிற அணையைப் பராமரித்து, நீர்மட்டத்தை இரு மாநிலமும் சேர்ந்து கண்காணித்து, ஷட்டர் திறப்பதை முன்கூட்டியே கரையோர மக்களுக்குச் சொன்னால் போதும் என்று நினைக்கிறவன் நான். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், இனி எழுதுவதை உங்கள் கருத்துக்காரன் எழுதியதாக உங்கள் மாமா தள்ளிவிடக் கூடாது. அணை விஷயத்தில் மாமா பக்கம் நிற்கிற நான்தான் சொல்கிறேன்: நீங்கள் யாருக்கும் துரோகம் செய்யவில்லை.

நம் பக்கத்தில் அந்த வார்த்தை சுலபமாக வந்துவிடுகிறது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் இந்தப் பக்கம் வந்தன. தமிழர் நிறைந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றுவிட்டன. அதை ஏற்றுக்கொண்டார் என்பதற்காகக் காமராசரையே இன்றுவரை குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எல்லையில் வாழ்கிற தமிழர் யார் என்ன சொன்னாலும் அந்தப் பழைய காயத்தோடு சேர்த்துத்தான் கேட்கப்படுகிறது. உங்கள் மீது விழுந்த வார்த்தைக்கு உங்கள் வயதைவிடப் பழைய வரலாறு இருக்கிறது. அதனால் வலி குறையாது, ஆனால் அது உங்களுக்காக மட்டும் செய்யப்பட்ட ஆயுதம் இல்லை என்பது தெரிந்தால் கொஞ்சம் மூச்சுவிடலாம்.

அப்புறம், "தமிழர் நலன்" என்று ஒரே ஒரு நலன் இருப்பதாக உங்கள் உறவினர்கள் நினைக்கிறார்கள். பெரியாற்றைப் பொறுத்தவரை அப்படி இல்லை. அணைக்குக் கீழே ஆறு வள்ளக்கடவு, வண்டிப்பெரியாறு, சப்பாத்து, உப்புதறை, அய்யப்பன்கோவில் என்று போய் இடுக்கி நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. அந்தக் கரையில், குறிப்பாக உங்கள் ஊர்ப் பக்கம், லயங்களில் இருப்பவர்களில் பெரும் பகுதி தமிழர்கள். 2021 டிசம்பரில் ராத்திரி நேரத்தில் ஷட்டர்களைத் திறந்தபோது வள்ளக்கடவு, மஞ்சுமலைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தூக்கத்திலிருந்து எழுந்து சாமான்களைத் தூக்கி ஓடினவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு. கம்பத்துத் தமிழனுக்கு அந்தத் தண்ணீர் வேண்டும். வண்டிப்பெரியாற்றுத் தமிழச்சிக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்க வேண்டும். இரண்டுமே தமிழர் கவலைதான். உங்கள் பயத்தை மலையாளிகளிடம் கடன் வாங்கினதாக யாராவது சொன்னால், ஒரு மழைக்கால ராத்திரி உங்கள் லயத்தில் வந்து தங்கச் சொல்லுங்கள்.

உங்களிடமும் சில விஷயங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது.

கடிதத்தில் ஓரிடத்தில் "தமிழ்நாட்டு விவசாயிகளுக்குப் பேராசை" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. 1979இல் அணையின் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. முழுக் கொள்ளளவு 152 அடி. இந்த 16 அடி காகிதத்தில் சின்னதாகத் தெரியும். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் இந்தத் தண்ணீரை நம்பியிருக்கிறது. அங்கிருந்து வைகை வழியாக மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரை போகிறது. கடைமடைக் கண்மாய்க்காரனுக்கு அணையில் ஓர் அடி குறைந்தால் அந்த வருஷம் மடையில் தண்ணீர் வராது. அணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக் படத்தைச் சாமி படங்களோடு மாட்டி வைத்திருக்கிற வீடுகளும், பிள்ளைக்கு அவர் பெயரை வைத்த குடும்பங்களும் எங்கள் பக்கம் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் உங்கள் பாதிப் பேச்சு டிவியில் ஓடியிருக்கிறது. உறவினர்கள் குரூப்பில் கத்தியது தப்பு. ஆனால் அவர்கள் பயந்துபோய்த்தான் கத்தினார்கள்.

2011 டிசம்பரையும் நினைத்துப் பாருங்கள், அப்போது நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். குமுளி எல்லை அடைபட்டது. இரண்டு பக்கமும் அப்பாவிகளின் கடைகளும் வண்டிகளும் அடிவாங்கின. இடுக்கித் தோட்டங்களுக்குக் கூலிக்கு வந்த தமிழ்ப் பெண்கள் உயிருக்குப் பயந்து மலையிறங்கி வந்தார்கள். அந்த நினைவு போகாதவர்களுக்கு, மலையாளச் சேனலில் நம் வீட்டுப் பெண் பேசுகிறாள் என்றாலே பதறுகிறது.

இன்னொன்று, "அந்த ஒப்பந்தமே செல்லாது, 99 வருஷம் என்பதை 999 என்று மாற்றிவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பக்கம் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆவணம் தெளிவாக இருக்கிறது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கிலேய அரசுக்கும் இடையில் எழுதப்பட்ட குத்தகை 999 ஆண்டுகளுக்கானதுதான். 1970இல் வாடகையை உயர்த்தியும் மின் உற்பத்திக்குப் பணம் தரச் சொல்லியும் துணை ஒப்பந்தங்கள் போடப்பட்டன. 2006இல் 142 அடி வரை உயர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைத் தடுக்கக் கேரளம் கொண்டுவந்த சட்டத் திருத்தம் செல்லாது என்று 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. பலப்படுத்தும் வேலைகளுக்குப் பிறகு அணை பாதுகாப்பாக இருக்கிறது என்பதையும் அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

இதற்கு மேல் நீங்கள் பேசக் கூடாது என்று அர்த்தம் இல்லை. தீர்ப்பை நாகரிகமாக விமர்சிக்க எந்தக் குடிமகனுக்கும் உரிமை உண்டு. 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டமே நியாயமான விமர்சனத்துக்கு விலக்குத் தருகிறது. ஆனால் "எனக்குப் பயமாக இருக்கிறது, புதிதாக ஆய்வு செய்யுங்கள், புது அணையைப் பற்றி யோசியுங்கள்" என்பது கருத்து. "அணை உடையப் போகிறது" என்பது நிரூபிக்க வேண்டிய தகவல். முதலாவதை எங்கே வேண்டுமானாலும் சொல்லுங்கள். இரண்டாவது மாதிரி வருகிற வீடியோக்களை யாருக்கும் அனுப்பாதீர்கள். அணை உடைவதுபோலச் செய்த ஒரு வீடியோவை நீங்களும் ஒரு குரூப்புக்கு அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். அதை உடனே நீக்கிவிடுங்கள். மக்களைப் பீதியடையச் செய்யும் வதந்திக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 353ஆம் பிரிவில் வழக்குப் போட இடம் இருக்கிறது. உங்கள் மேல் கோபமாக இருக்கிறவர்கள் இப்படி ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள்.

பேச்சுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு

கிராம சபையில் பேசியதால் வழக்கு வருமா என்று பயப்படுகிறீர்கள். வராது. 1994ஆம் ஆண்டு கேரளப் பஞ்சாயத்துராஜ் சட்டப்படி வார்டு வாக்காளர் ஒவ்வொருவரும் அந்தக் கிராம சபையின் உறுப்பினர். யார் தயவிலும் நீங்கள் அங்கே பேசவில்லை. அரசமைப்புச் சட்டம் 19ஆம் பிரிவு பேச்சுரிமையைத் தருகிறது. எந்தெந்தக் காரணங்களுக்காக அதைக் கட்டுப்படுத்தலாம் என்ற பட்டியலும் அங்கேயே இருக்கிறது. பொது ஒழுங்கு, அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு என்று அது போகிறது. "சொந்த இனத்தார் எதிர்பார்த்ததற்கு மாறாகப் பேசுதல்" என்று ஒரு காரணம் அதில் கிடையாது.

தமிழில் பேச விடமாட்டார்கள் என்று மலையாளத்தில் பேசியதாக எழுதியிருக்கிறீர்கள். யார் அப்படிச் சொன்னது? அரசிடம் குறை சொல்ல, அந்த மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியையும் பயன்படுத்தலாம் என்கிறது 350ஆம் பிரிவு. கேரள ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுக்கு எழுதவும், அதே மொழியில் பதில் பெறவும் வழி செய்திருக்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் அது பொருந்தும். இந்த உரிமை தமிழ்நாட்டு அரசின் நிலைப்பாட்டை ஆதரிக்கிற தமிழருக்கு மட்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அடுத்த முறை தமிழிலேயே பேசுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன்: புது அணை வேண்டும் என்பதைத் தமிழில் சொல்லுங்கள். நீங்கள் எங்கே நின்று பேசுகிறீர்கள் என்று கேட்கிற இரண்டு பக்கத்துக்கும் புரியும்.

உறவினர்களின் மிரட்டல்

நிலத்தைப் பற்றி முதலில். தாத்தா உயில் எழுதாமல் இறந்துவிட்டார், ஒன்றரை ஏக்கரும் அவர் பெயரிலேயே இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனும் மகளும் சம வாரிசுகள். பூர்வீகச் சொத்து என்று மாமா சொன்னாலும் மகளுக்குச் சம உரிமை உண்டு. 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தை விளக்கி 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்துவிட்டது. அந்தப் பங்கு அம்மாவுடையது, உங்களுடையது இல்லை. நீங்கள் டிவியில் சொன்னதற்காக அம்மாவின் பங்கு எப்படிப் போகும்? பங்கு போனால் பெரும்பாலும் அது, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் அம்மாவே கையெழுத்துப் போடுவதால்தான். "பிரச்சினை தீரட்டும், கையெழுத்துப் போட்டுடு" என்று யாராவது வருவார்கள். என் அனுபவத்தில், இந்த மாதிரிக் கோபங்களில் பாதிக்கு அடியில் ஒரு பத்திரம் இருக்கும்.

கோயில் விஷயம் கஷ்டமானது. மராட்டியத்தில் சமூக விலக்கைத் தடை செய்ய 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டிலோ கேரளத்திலோ அதற்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆனால் தலைக்கட்டு வரி வாங்க மறுத்து ஒரு குடும்பத்தை ஒதுக்கி வைக்கும் தகராறுகளில் வட்டாட்சியரோ கோட்டாட்சியரோ இரு தரப்பையும் கூப்பிட்டு அமைதிப் பேச்சுவார்த்தை நடத்துவது வழக்கம். கம்பம் பகுதிக்கான அந்த அலுவலகங்கள் இருக்கும் உத்தமபாளையத்தில் மனு கொடுக்கலாம். அம்மா பெயரில் கொடுங்கள், உங்கள் பெயரில் வேண்டாம். வரி கொடுத்தது அவர், ஒதுக்கப்பட்டதும் அவர். மனுவில் அணையைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

மிரட்டல் குரல் பதிவையும் அந்தப் படத்தையும் வேறு மாதிரி பார்க்க வேண்டும். சித்தப்பா மகன் "காசு வாங்கிட்டா" என்று எழுதியது அவதூறுதான், பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் வரும். அதற்கு நீங்களே நீதிமன்றத்தில் தனிப் புகார் தாக்கல் செய்து வருஷக்கணக்கில் நடக்க வேண்டும். சொந்தத்துக்குள் அதைச் செய்யச் சொல்லமாட்டேன். குரல் பதிவு குற்ற மிரட்டல், 351ஆம் பிரிவு. பெண் என்பதால் படத்தில் கேவலமாக எழுதியது 79ஆம் பிரிவில் வரும். ஆபாசமாக இருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஆம் பிரிவும் சேரும். இந்த இரண்டையும் பொறுத்துப் போக வேண்டியதில்லை. ஸ்கிரீன்ஷாட்டில் தேதியும் எண்ணும் தெரிய வேண்டும். குரல் பதிவு போனிலேயே இருக்கட்டும், அழித்துவிடாதீர்கள். ஆள் கம்பத்தில் இருக்கிறான், நீங்கள் வண்டிப்பெரியாற்றில் இருக்கிறீர்கள் என்று போலீஸ் ஸ்டேஷனில் திருப்பி அனுப்ப முடியாது. போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றமானால், அது எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் எஃப்.ஐ.ஆர். பதியலாம் என்று, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. பெண் என்பதால் வருமான வரம்பு பார்க்காமல் உங்களுக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார். தாலுகா சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள், அல்லது 15100க்குப் போன் செய்யுங்கள்.

மேடைக்குக் கூப்பிடுகிறவர்

இதுதான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்திய இடம். திட்டுகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருக்கிறீர்கள். பாராட்டுகிறவர்களிடம் இல்லை.

அந்தக் கட்சிக்காரருக்கு நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதில் அக்கறை இருந்தால், தமிழ்நாட்டுத் தண்ணீர் பற்றி நீங்கள் சொன்ன இரண்டாம் பாதியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருப்பார். கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. அவருக்கு வேண்டியது "தமிழச்சியே சொல்லிவிட்டாள்" என்று சொல்ல ஓர் ஆள். நாளைக்கு நீங்கள் தோட்டத் தொழிலாளி கூலியைப் பற்றியோ, இடிந்துபோன லயத்தைப் பற்றியோ அதே மேடையில் பேச விரும்பினால் மைக் கிடைக்குமா என்று அவரையே கேட்டுப் பாருங்கள். உண்மையாகவே பேச இடம் தருகிறவராக இருந்தால் போகலாம். முழுப் பேச்சையும் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு, அதைப் பேசி முடித்துவிட்டு இறங்குங்கள். கட்சியின் துண்டையோ மாலையையோ வாங்காதீர்கள்.

ஆனால் தம்பியின் சான்றிதழுக்காக ஒருபோதும் போகாதீர்கள். அது யாரும் தூக்கிக் கொடுக்கிற பொருள் இல்லை. வேறு மாநிலத்திலிருந்து வந்த பட்டியல் சாதிக் குடும்பங்களுக்குக் கேரளத்தில் சான்றிதழ் கிடைப்பது, 1950 ஆகஸ்ட் 10 அன்று, அதாவது குடியரசுத் தலைவரின் பட்டியல் ஆணை வந்த தேதிக்கு முன்பே குடும்பம் அந்த மண்ணில் குடியிருந்ததா என்பதைப் பொறுத்தது. அப்பாவழித் தாத்தா 1940களிலேயே வந்துவிட்டார் என்கிறீர்கள். அதைக் காட்ட எஸ்டேட்டின் பழைய பதிவேடு, பெரியப்பாவோ அத்தையோ படித்த பள்ளிச் சேர்க்கைப் பதிவு, பிறப்பு இறப்புப் பதிவு எதுவானாலும் தேடுங்கள். தாசில்தார் மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள், மேல்முறையீடு செய்யலாம். ஆவணம் இருந்தால் கட்சிக்காரர் தேவையில்லை. ஆவணம் இல்லாமல் அவர் வாங்கித் தந்தால் பத்து வருஷம் கழித்துத் தம்பி வேலையில் இருக்கும்போது யாராவது அதை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போடுவார்கள். அதோடு உங்கள் கருத்துக்கு ஒரு விலை வாங்கிவிட்டீர்கள் என்ற பழியும் உண்மையாகிவிடும்.

தோழி சொன்னதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்கமாட்டார். ஆனால் "மற்ற பாண்டிகள்" என்றால் யார்? உங்கள் அம்மா. காலையில் கூடையை மாட்டிக்கொண்டு சரிவில் ஏறுகிற அந்த அம்மாவைக் கழித்துவிட்டுத்தான் அந்தப் பாராட்டு உங்களுக்குக் கிடைத்தது. பஸ்ஸில் அழுகை வந்தது உங்கள் மனசு சரியாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். கோபமில்லாமல் அவரிடம் சொல்லுங்கள்: "எங்களை அந்த வார்த்தையால் கூப்பிடாதே. அணை விஷயத்தில் நான் உன் கருத்துக்காரி. ஆனால் நான் அவர்கள் ஆள்தான்." நல்ல தோழி என்றால் புரிந்துகொள்வார்.

மன்னிப்பு வீடியோவுக்குப் பதிலாக

வீடியோ வேண்டாம். செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டால், நாளைக்கு எல்லையில் இருக்கிற ஒவ்வொரு தமிழரிடமும் அதைக் காட்டி "பாத்தியா, இப்படி ஆகும்" என்பார்கள். அதற்குப் பிறகும் உங்களை நம்பமாட்டார்கள். இனி அரசியலே பேசமாட்டேன் என்று முடிவெடுப்பதும் இப்போது வேண்டாம். அடிபட்ட வலியில் எடுக்கிற முடிவு அது. ஆறு மாதம் கழித்து, நிம்மதியாக இருக்கும்போது, பேசப் பிடிக்கவில்லை என்று தோன்றினால் விட்டுவிடுங்கள். அதுவும் உங்கள் உரிமைதான். எல்லோரும் எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்லியாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

இப்போது செய்ய வேண்டியது, வெட்டப்பட்ட பாதியைத் திரும்பக் கொண்டுவருவது. கிராம சபையில் பேசியது மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில், ஏறியிருக்க வாய்ப்புண்டு. தகவல் உரிமைச் சட்டத்தில் பஞ்சாயத்தில் நகல் கேளுங்கள். 30 நாளுக்குள் தர வேண்டும்.  சேனலுக்கும் எழுதுங்கள். பார்வையாளர் புகாரை ஒளிபரப்பாளர் 15 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று கேபிள் டிவி விதிகளில் 2021இல் கொண்டுவந்த திருத்தம் சொல்கிறது. முழுப் பேச்சையும் போடச் சொல்லிக் கேளுங்கள். போடாவிட்டாலும் நீங்கள் கேட்டதற்கான தாள் உங்களிடம் இருக்கும். குரூப்பில் ஒரே ஒரு செய்தி போடுங்கள், யாருக்கும் பதில் சொல்லாமல்: "நான் சொன்னது இரண்டு விஷயம். எங்களுக்குப் பயமாக இருக்கிறது, புது அணை வேண்டும். தமிழ்நாட்டுக்குப் போகிற தண்ணீர் குறையவே கூடாது. டிவியில் இரண்டாவதை வெட்டிவிட்டார்கள். முதலாவதில் நீங்கள் என்னோடு சண்டை போடலாம். இரண்டாவதைச் சொல்லவில்லை என்று சொல்லாதீர்கள்." அதோடு அந்தக் குரூப்பைக் கொஞ்ச நாள் மௌனத்தில் வையுங்கள்.

மினிட்ஸ் நகல் வந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்கு நேரில் போங்கள். வெளிச்சத்தில், ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு போனால் நல்லது. நகலை மாமா கையில் கொடுங்கள். வாதம் செய்ய வேண்டாம். ராத்திரி மழை பெய்தால் லயத்தில் என்ன செய்வீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். வயலில் தண்ணீர் வராத வருஷத்தைப் பற்றி அவர் சொல்வதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மாமன் மகனிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டும்: கல்யாணத்துக்குப் பிறகும் நான் இப்படி நினைப்பேன், உனக்குச் சம்மதமா என்று. சம்மதமில்லை என்றால் இப்போதே தெரிவது நல்லது. நிச்சயம் ஆகாத பேச்சு நிற்பதில் அவமானம் எதுவும் இல்லை. ஒன்றை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பேச்சையும் நிலப் பேச்சையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் வைக்கவிடாதீர்கள். அம்மாவிடம் எந்தத் தாளை நீட்டினாலும், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்து என்று சொல்லச் சொல்லுங்கள்.